தாம்பரம் லோக்கல்: எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி?

தாம்பரத்தில் மழைக்கு ஒதுங்கினால் ஏதாவது ஒரு டிகிரியின் கீழேதான் ஒதுங்க வேண்டும். அத்தனை போர்டுகள். சேலையூர் பக்கம் போனால் எம்.டெக்., முடிச்சூர் பக்கம் போனால் பி.எட்., வண்டலூரைத் தாண்டினால் எல்லாமே. எல்லாப் போர்டிலும் ஒரே படம்தான். நாலு பையன்கள், இரண்டு பெண்கள், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு குல்லாவை வானத்தில் தூக்கி எறிகிறார்கள். எறிந்த குல்லா அப்புறம் எங்கே போய் விழுந்தது என்று எந்தப் போர்டிலும் போடுவதில்லை.

இந்த வாரம் அந்தக் குல்லாவைப் பற்றி.

பத்திரிகையில் ஒருவன் பெயர் அச்சாகிவிட்டால் அவனுக்குச் சகலமும் தெரியும் என்பது நம் ஊர் நம்பிக்கை. மூட்டுவலிக்கு எண்ணெய், பட்டாவில் பெயர் மாற்றம், பையனுக்கு எந்தக் காலேஜ் எல்லாமே என்னிடம்தான் வரும். எட்டேகால் மணி பீச் லோக்கலில் எங்கள் கோஷ்டி ஒன்று உண்டு. யாருக்கும் யார் பெயரும் தெரியாது. ஏறும் ஸ்டேஷன்தான் பெயர். 'இன்னிக்கு குரோம்பேட்டை வரலையா?' 'பல்லாவரத்துக்குப் பேத்தி பொறந்திருக்காம்!' என்ற ரீதியில் பேசிக்கொள்வோம்.

இதில் சானடோரியம் ஒரு இளைஞர். வயசு இருபத்தேழு. பி.இ. மெக்கானிக்கல். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறார். மாதம் 18,000 கைக்கு வருகிறது. ஒருநாள் ஏறினதும் ஏறாததுமாக, "சார், எம்.டெக். சேரலாம்னு இருக்கேன். இல்லேன்னா பி.எட். எது பெட்டர்?" என்றார்.

'சட்னி பெட்டரா, செருப்பு பெட்டரா?' என்று கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்தால் சிரிக்கத் தோன்றவில்லை.

"எதுக்குத் தம்பி?" என்றேன்.

"வெறும் பி.இ.க்கு மதிப்பில்லை சார். மேல ஏதாவது படிக்கணும்."

"பணம்?"

"அம்மாவோட நாலு பவுன் சங்கிலி இருக்கு. அடகு வெச்சுக்கடான்னுட்டாங்க."

அதற்குள் குரோம்பேட்டை வந்துவிட்டது. விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை 1949-ல் சி.ராஜம் என்ற தொழிலதிபர் ஆரம்பித்தார். ஆரம்பத்தில் அங்கே நடந்தது இன்றைய பி.இ. மாதிரி பிளஸ் டூ முடித்துச் சேருகிற படிப்பு அல்ல. பி.எஸ்ஸி. முடித்தவர்கள்தான் சேருவார்கள். மூன்று வருஷம் படிக்கணும். முடித்தால் கிடைப்பது டிகிரி கூட இல்லை, டிப்ளமா. 'ஏம்ப்பா, டிகிரி வாங்கிட்டு டிப்ளமாவா படிக்கப் போறே?' என்று அந்தக் காலத்து மாமாக்கள் நிச்சயம் கேட்டிருப்பார்கள். ஆனால் விமானம், மோட்டார் வாகனம், எலக்ட்ரானிக்ஸ், கருவியியல் என்று அங்கே சொல்லிக்கொடுத்த விஷயங்கள் அப்போது வேறு இடங்களில் சுலபமாகக் கிடைக்காதவை.

1950-களின் நடுவில் ராமேஸ்வரத்துப் பையன் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். திருச்சி செயின்ட் ஜோசப்பில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவர். அட்மிஷனுக்கு ஆயிரம் ரூபாய் வேண்டும். அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தப் பையன்தான் அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுக'ளில் அவரே சொல்லியிருக்கிறார்.

"அதேதான் சார்! கலாமும் அடகு வெச்சுத்தானே படிச்சார்!" என்று சானடோரியம் உற்சாகமாகிவிட்டார்.

நம்மில் பல பேர் இந்தக் கதையில் வளையலோடு நிறுத்திக்கொள்கிறோம். மிச்சக் கதையையும் பார்க்கணும். பி.எஸ்ஸி. முடித்த பிறகு, 'நமக்கு வேண்டியது இயற்பியல் இல்லை, இன்ஜினீயரிங்' என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எம்.ஐ.டி.யில் பார்வைக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்ததும் இன்ஜினீயரிங்கிலும் எது என்று தெரிந்துவிட்டது. மற்ற பையன்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அந்த விமானங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். இயக்குநர் சீனிவாசன் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, 'திங்கட்கிழமை காலைக்குள் டிசைன் வரைபடம் வராவிட்டால் ஸ்காலர்ஷிப் கட்' என்று சொன்னபோது, ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரைந்து முடித்தார்.

அதற்குப் பிறகும் முதல் கதவு திறக்கவில்லை. விமானப்படைத் தேர்வில் இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. அப்புறம்தான் 1958-ல் பாதுகாப்புத் துறையில் அடிப்படைச் சம்பளம் 250 ரூபாயில் ஒரு வேலை.

சாவி இருந்தும் இந்தக் கதி. எந்தப் பூட்டு என்றே தெரியாமல் சாவி வாங்கினால்?

"வளையல் அடகுக்குப் போனது சரி தம்பி. எதுக்காகப் போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. உங்க அம்மா சங்கிலி எதுக்காகப் போகப்போகுது?"

சானடோரியம் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பல்லாவரம் ஏறினார். ரிடையர்டு அக்கவுண்டன்ட். சட்டைப்பையில் இன்னும் கால்குலேட்டர் வைத்திருக்கும் மனிதர். விஷயத்தைச் சொன்னதும், "பேஷா சேரட்டுமே. படிப்பு என்னிக்கும் வீண் போகாது" என்றார். பிறர் பையன்களைப் பற்றிப் பேசும்போது எல்லாருமே இதைத்தான் சொல்கிறோம்.

அடுத்த சில நாட்கள் கூட்டத்தில் தொங்கியபடியே நடந்த கேள்வி பதிலை இங்கே தொகுத்துத் தருகிறேன். வாசகர்களில் பாதிப் பேருக்காவது உபயோகப்படும் என்று நம்பிக்கை.

"எம்.இ., எம்.டெக். ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

முருகனுக்கும் சரவணனுக்கும் உள்ள வித்தியாசம். பெயர் வைத்தவர் வேறு, சாமி ஒன்றுதான். அண்ணா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல், சிவில் மாதிரிப் பாடங்களுக்கு எம்.இ. என்றும், டெக்ஸ்டைல் டெக்னாலஜி மாதிரிப் பாடங்களுக்கு எம்.டெக். என்றும் கொடுக்கிறார்கள். ஐ.ஐ.டி.யில் எம்.டெக். வேலை கொடுப்பவர் இந்த எழுத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

"எந்தப் பரீட்சை எழுதணும்?"

அகில இந்திய அளவில் கேட் பரீட்சை. 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. 3 மணி நேரம், 100 மார்க். வயது வரம்பு கிடையாது. ஒருமுறை வாங்கிய ஸ்கோர் 3 வருஷத்துக்குச் செல்லும். மாநிலத்தில் முன்பு டான்செட் இருந்தது. 2023-லிருந்து எம்.இ., எம்.டெக்.குக்கு சீட்டா என்று தனிப் பரீட்சை வைத்தார்கள். (பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம், கடிக்காது.) எம்.பி.ஏ., எம்.சி.ஏ.க்கு டான்செட் என்று பிரித்தார்கள்.

"ரெண்டுல எதை எழுதலாம்?"

முடிந்தவன் கேட் எழுதணும். காரணம் இரண்டு. கேட்டில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உள்ள இடத்தில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இரண்டாவது, பொதுத்துறை நிறுவனங்கள் பல கேட் ஸ்கோரை வைத்தே இன்ஜினீயர்களை எடுக்கின்றன. அதற்கு எம்.இ. தேவையே இல்லை. பி.இ. போதும். அதாவது, மேல்படிப்புக்காக எழுதும் பரீட்சை மேல்படிப்பே வேண்டாம் என்று ஆக்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

இந்த இடத்தில் பல்லாவரம் கால்குலேட்டரை எடுத்தார்.

"தம்பி, காலேஜ்ல ஃபீஸ் என்ன சொன்னாங்க?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் சார்."

"அவ்வளவுதானா செலவு?"

"ஆமாம் சார்."

"தப்பு. இப்ப 18,000 சம்பளம். வேலையை விட்டாத்தான் முழுநேரம் படிக்க முடியும். 24 மாசம். நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். ஃபீஸையும் சேர்த்தா 5,52,000. இதுதான் உன் எம்.டெக். விலை. நாலு பவுன் இதுல எந்த மூலைக்கு?"

பெட்டியில் சற்று நேரம் பேச்சே இல்லை. பல்லாவரம் தொடர்ந்தார். "கேட் எழுதி உதவித்தொகையோட சேர்ந்தா 24 மாசத்துக்கு 2,97,600 திரும்பி வரும். 5,52,000-லேர்ந்து கழிச்சா 2,54,400. பாதிக்கும் கீழே வந்துடுச்சு பாரு. ஒரு வருஷம் லேட்டானாலும் பரவாயில்லை, எழுதிட்டுச் சேரு."

படிப்பு என்றைக்கும் வீண் போகாது என்று சொன்ன அதே பல்லாவரம்! கணக்கு என்று வந்துவிட்டால் மனிதர்கள் உண்மை பேசுகிறார்கள்.

"வேலையை விடாம தபால்ல எம்.டெக். பண்ணலாமே சார்? ஒருத்தர் 25,000-ல முடிச்சுத் தரேன்றார்."

இதற்குப் பதில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 2017 நவம்பர் 3-ம் தேதி தீர்ப்பு. நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் தொலைதூரக் கல்வியில் இன்ஜினீயரிங் பட்டம் கொடுத்தது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். 2001-லிருந்து 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, மறுபடியும் பரீட்சை எழுதி நிரூபிக்க வேண்டி வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்து, புரமோஷன் வாங்கி, தலை நரைத்த பிறகு! 'முடிச்சுத் தரேன்' என்று யார் சொன்னாலும் அவர் முடிப்பது நம் கதையைத்தான்.

வேலையை விடாமல் படிக்க நேர்மையான வழி வேண்டுமானால், வகுப்புக்கு நேரில் போகிற பகுதிநேர எம்.இ. இருக்கிறது. சாயங்கால வகுப்பு, மூன்று வருஷம். சிரமம்தான். ஆனால் சம்பளம் நிற்காது.

"எம்.டெக். முடிச்சா காலேஜ்ல லெக்சரர் ஆகலாமே?" இதைக் கேட்டவர் குரோம்பேட்டை. இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

ஆகலாம். பி.இ., எம்.இ. இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு இருந்தால் உதவிப் பேராசிரியர் ஆக விதி இடம் தருகிறது. ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய் என்று காகிதத்தில் இருக்கிறது. காகிதத்துக்கும் கைக்கும் நடுவே நிறைய ஸ்டேஷன்கள் இருக்கின்றன. அதிலும் தனியார் கல்லூரி என்றால் எக்ஸ்பிரஸ் நிற்காத ஸ்டேஷன்கள்.

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரியில் முழுநேரமாக வேலை பார்ப்பதாகக் கணக்கில் இருக்கிறது என்று புகார். அதில் ஒருவர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில்! நமக்கு ஒரு ஆபீசுக்கே நேரத்துக்குப் போக முடியவில்லை. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது.

வேடிக்கையை விடுங்கள். இதற்குள்ளே ஒரு செய்தி இருக்கிறது. ஒரே ஆள் பத்து இடத்தில் கணக்குக் காட்டப்பட்டால், ஒன்பது இடத்தில் ஒரு எம்.டெக். பையனுக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்கவில்லை என்று அர்த்தம். லெக்சரர் ஆவதற்காக எம்.டெக். சேருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நீங்கள் போக நினைக்கும் கல்லூரியில் இப்போது வேலை பார்க்கிற ஒரு லெக்சரரை டீக்கடையில் பிடித்து, 'போன மாசச் சம்பளம் எப்ப சார் வந்தது?' என்று கேளுங்கள். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரமே பதில்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க பி.எட். வேண்டும், அதன் மேல் ஒரு தகுதித் தேர்வும் வேண்டும். காலேஜ் பையனுக்குத் தெர்மோடைனமிக்ஸ் சொல்லிக்கொடுக்க அது எதுவும் வேண்டாம். பாடம் தெரிந்தால் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம். (நம் காலேஜ் நாட்களை நினைத்துப் பாருங்கள். மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.) இந்தக் குறை தெரிந்துதான் 1964-லேயே தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கு என்றே ஒரு பயிற்சி நிறுவனம் ஆரம்பித்தார்கள். இன்று என்.ஐ.டி.டி.டி.ஆர். என்று நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் பெயரில் இருக்கிறது. லெக்சரர் வேலைக்குப் போகிற தம்பிகள் அந்தப் பயிற்சிகளைப் பற்றி விசாரித்து வையுங்கள்.

இத்தனையும் பேசிய பிறகு ஒருநாள் மீனம்பாக்கம் தாண்டும்போது சானடோரியத்தைக் கேட்டேன். "தம்பி, எம்.டெக்., பி.எட். எல்லாத்தையும் தள்ளிவை. ராத்திரி வீட்டுக்குப் போனா என்ன பண்றே?"

கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "டியூஷன் எடுக்கறேன் சார். தெருப் பிள்ளைங்க ஒன்பது பேர். எட்டாவது, ஒன்பதாவது. கணக்கு மட்டும்."

"எத்தனை வருஷமா?"

"நாலு வருஷமா சார். ஒரு பொண்ணு கணக்குல பெயில் ஆயிட்டேயிருந்துது. போன பரீட்சையில 71. அவங்க அம்மா வந்து எங்கம்மாகிட்ட அழுதுட்டுப் போனாங்க."

இதைச் சொன்னபோது குரல் வேறு மாதிரி இருந்தது. எம்.டெக். பற்றிப் பேசின அத்தனை நாளில் அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. பல்லாவரம் என்னைப் பார்த்தார். நான் பல்லாவரத்தைப் பார்த்தேன். கால்குலேட்டர் பையிலேயே இருந்தது.

"நாளைக்குச் சனிக்கிழமை. கிண்டியில இறங்காதே. அடுத்த ஸ்டேஷனுக்கு என்கூட வா" என்றேன்.

கிண்டிக்கு அடுத்து சைதாப்பேட்டை. அங்கே இருக்கிற ஆசிரியர் கல்லூரியை அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிறபோது எல்லாரும் பார்த்திருப்போம், கவனித்திருக்க மாட்டோம். 1856-ல் வேப்பேரியில் ஆரம்பித்து, 1887-ல் சைதாப்பேட்டைக்கு வந்த கல்லூரி. பி.எட். என்ற பெயர் வருவதற்கு முன்னால் அது எல்.டி. பட்டம். 1910-ல் அந்த எல்.டி. பயிற்சிக்கு வந்தார் ஒருவர். அப்போதே மாநிலக் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். சைதாப்பேட்டையில் சக மாணவர்களுக்கே அவர் பாடம் நடத்தினார் என்று சொல்வார்கள். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த செப்டம்பர் 5-ம் தேதியைத்தான் ஆசிரியர் தினம் என்று கொண்டாடுகிறோம்.

ஆக, எங்கள் லோக்கல் லைனில் குரோம்பேட்டையில் ஒரு ஜனாதிபதி, சைதாப்பேட்டையில் ஒரு ஜனாதிபதி. ஒருவர் விமானம் படித்தார், ஒருவர் பாடம் சொல்லப் படித்தார். ஆனால் விமானம் படித்த கலாமும் கடைசியில் பாடம் சொல்லத்தான் போனார். ஜனாதிபதி பதவிக்கு முன்னாலும் பின்னாலும் அண்ணா பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுத்தார். 2015 ஜூலை 27-ம் தேதி ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார்.

சானடோரியம் அந்தச் சனிக்கிழமை கல்லூரிக் காம்பவுண்டுச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இங்க என்னை மாதிரி இன்ஜினீயரைச் சேர்த்துப்பாங்களா சார்?"

விதியில் இடம் இருக்கிறது. கணிதம், அறிவியலில் சிறப்புப் பயிற்சி உள்ள பி.இ., பி.டெக்.காரர்கள் 55 சதவிகித மார்க்கோடு பி.எட். சேரலாம் என்று 2014 விதிகள் சொல்கின்றன. பி.இ.யோடு பி.எட். முடித்தவர்கள் தகுதித் தேர்வு எழுதி 6 முதல் 8-ம் வகுப்பு வரை கணக்கு ஆசிரியராகலாம் என்று 2019 டிசம்பரில் தமிழ்நாட்டில் ஆணையும் வந்தது.

அப்படியானால் எல்லாரும் பி.எட். சேர்ந்துவிடலாமா? கூடாது. இந்தப் பூட்டும் சாதாரணப் பூட்டு இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பி.எட். முன்பு ஒரே வருஷம். 2015-லிருந்து இரண்டு வருஷம் ஆக்கினார்கள். மறுபடி சிலருக்கு ஒரு வருஷம் ஆக்கலாம் என்று 2025-ல் வரைவு வந்தது. வரைவை நம்பி அட்வான்ஸ் கட்டாதீர்கள். சேருகிற வருஷத்து விதி என்னவோ அதுதான் கணக்கு.

பி.எட். முடித்தால் வேலை வந்துவிடாது. ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட் இருக்கிறது. 150-க்கு 90 மார்க். 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தபோது ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448. நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. அப்புறம் நேரத்தைக் கூட்டி மறுபடியும் வைத்தார்கள். பின்னால் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மார்க்கையும் கொஞ்சம் குறைத்தார்கள். ஒரு நிம்மதி, ஒருமுறை தேறிவிட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021-ல் சொல்லிவிட்டார்கள்.

ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்க பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களிலும், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் டெட் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ம் தேதி தீர்ப்பு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டுமானால் அந்தப் பாடத்திலேயே முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். மெக்கானிக்கலில் எம்.இ. வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் ஆக முடியாது. எம்.இ. காலேஜ் கதவின் சாவி. பி.எட். பள்ளிக்கூடக் கதவின் சாவி. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திருகினால் சாவிதான் வளையும்.

எந்தப் பக்கம் போனாலும் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எம்.இ. என்றால் அந்தப் படிப்புக்கு அந்த வருஷம் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா, பி.எட். என்றால் என்.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருஷத்துக்கு முன் வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டிய சர்ட்டிபிகேட்டைக் காட்டினால் 'இந்த வருஷத்தது சார்?' என்று கேளுங்கள். மொத்தக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டியதுதான் முறை. 'எங்ககிட்ட பத்திரமா இருக்கும் தம்பி' என்பார்கள். பத்திரமாகத்தான் இருக்கும். அதுதான் பயமே.

முக்கியமான கேள்வி, நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது. 'இது முடிச்சதும் திங்கட்கிழமை காலையில் எங்கே போய் நிற்கப் போகிறேன்? அங்கே நாள் முழுக்க நிற்க எனக்குப் பிடிக்குமா?' இதற்குப் பதில் இல்லாதவர்கள் இன்னும் ஆறு மாதம் வேலையிலேயே இருக்கலாம். சம்பளமாவது வரும்.

சானடோரியம் என்ன முடிவெடுத்தார் என்று கேட்பீர்கள். வீட்டில் மூன்று நாள் சண்டை. அப்பாவுக்கு எம்.டெக். மாப்பிள்ளை மார்க்கெட் மேல் ஆசை. 'இன்ஜினீயருக்குப் படிச்சுட்டு ஸ்கூல் வாத்தியாரா?' என்று சாப்பிடாமல் இருந்திருக்கிறார். அம்மாதான், "அந்தப் பொண்ணோட அம்மா வந்து அழுதப்ப நீங்க வீட்ல இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

பி.எட்.டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். பல்லாவரம் மறுபடி கணக்குப் போட்டுக் கொடுத்தார். சம்பளம் நின்றாலும் சாயங்கால டியூஷன் நிற்காது. ஒன்பது பிள்ளைகள், ஆளுக்கு 700, மாதம் 6,300. பதினைந்து பிள்ளைகள் ஆனால் 10,500. இரண்டு வருஷத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டலாம். டெட் பாடத்திட்டத்தை இப்போதே ரயிலில் படிக்கிறார். தேறுவாரா, வேலை கிடைக்குமா, எப்போது கிடைக்கும்? தெரியாது. 2,448 என்ற எண்ணை நான் அவரிடம் மறைக்கவில்லை. சங்கிலி இன்றைய தேதிக்கு அம்மா கழுத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது வருஷக் கட்டணத்துக்கு இறங்க வேண்டி வரலாம். வந்தால் எதற்காக இறங்குகிறது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த குரோம்பேட்டை, தன் மைத்துனர் பிஎச்.டி. செய்யலாமா என்று யோசிப்பதாகவும், திங்கட்கிழமை அவரை நேரிலேயே ரயிலுக்கு அழைத்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை நான் கடைசிப் பெட்டியில் ஏறுவதாக உத்தேசம்.